இருபது எண்ணும்வரை

"இன்னொரு தடவை," என்றாள் நெரிஸ்.

தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டிருந்த பையன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அப்பாவுக்கு மூக்குமேல் கோபம்.

"ஏம்மா, இது ஆட்டுக்கொட்டகையா, ஆபரேஷன் தியேட்டரா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெரிஸ் சிரிக்கவில்லை. பையனின் விரலிடுக்குகளில் மறுபடி சோப்பைத் தேய்த்துக்கொண்டே வெல்ஷ் மொழியில் ஒன்றிலிருந்து இருபதுவரை சத்தமாக எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் கையை விட்டாள்.

வார இறுதியில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் ஐந்நூறு வருஷத்துப் பண்ணை வீடு அது. ஒரு பாதியில் மனிதர்கள், மறு பாதியில் மாடுகள் என்று ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்திருக்கிறார்கள். இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டியவர்கள் மாட்டுப் பக்கத்து வாசலை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தவர்களும் பன்றிக்குட்டியைத் தடவியவர்களும் தலையைக் குனிந்து அந்த ஒரே வாசல் வழியாகத்தான் முற்றத்துக்கு வந்தாக வேண்டும்.

அந்த வாசலில்தான் நெரிஸ் தொட்டியைப் போட்டிருந்தாள். ஒருக்களித்துத்தான் அவளைத் தாண்டமுடியும்.

முற்றத்தில் இரும்புக் கல்லைப் போட்டு, உலர்திராட்சை சேர்த்த கேக்குகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதுமே பிள்ளைகள் கழுவாத கையோடு ஓடப்பார்க்கும். ஒன்றையும் அவள் விடவில்லை. அழுததையும் விடவில்லை.

சம்பளம் வேண்டாம், வேறு வேலையும் வேண்டாம், தொட்டியடி மட்டும் போதும் என்று அவளாகக் கேட்டு வாங்கியது இது. நேற்று சனிக்கிழமை முழுக்க நின்றாள். இன்று மதியத்துக்குள் விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசிந்தது. மற்ற வேலைக்காரர்கள் அவளுக்குச் சோப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டை நிர்வகிக்கும் இத்வல் வேர்த்து விறுவிறுத்து வந்தான். கையில் ஒரு சானிடைசர் ஜெல் பாட்டில்.

"வரிசை பன்னிப்பட்டி வரைக்கும் போயிருச்சு நெரிஸ். இதத் தடவி அனுப்பு தாயே, போதும்."

"சாணி பட்ட கைக்கு ஜெல் கேக்காது."

பாட்டிலை வாங்கி, தொட்டிக்கடியில் இருந்த அழுக்குத் தண்ணி வாளிக்குள் போட்டாள். இத்வல் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அடுத்து ஒரு பெண், மூன்று நான்கு வயது மகளோடு குனிந்து வந்தாள். சிறுமி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அம்மாவே அதைப் பிடித்து இழுத்து நீட்டினாள்.

"நல்லாத் தேய்ங்க. நகக்கண்ணு விடாம."

இரண்டு நாளில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். நெரிஸ் எண்ணினாள். இருபது முடிந்தது.

"இன்னொரு இருபது," என்றாள் அந்தப் பெண்.

நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் முற்றத்துப் பக்கம் மோவாயால் காட்டினாள். மூலை பெஞ்சில், கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏழு வயதிருக்கும் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது.

"அவன் உள்ள வரமாட்டான். இவதான் பன்னிக்குட்டி பாக்கணும்னு ஒரு மாசமா உசுர வாங்கிட்டா." சிறுமியின் கையைத் தானும் சேர்ந்து தேய்த்தாள். "மூணு வருஷம் ஆச்சு. ஈஸ்டர் லீவுல, கடலோரமா வேற ஒரு பண்ணைக்குப் போனோம். ஆட்டுக்குட்டியத் தொட்டான், கையில ஜெல்லத் தடவிக்கிட்டான், கேக் தின்னான். அவ்வளவுதான். சாணிக் கிருமி வயித்துக்குள்ள போயி, ஒரே வாரத்துல ரெண்டு கிட்னியும் போச்சு. இப்ப வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மிஷின்."

பலரிடம் பலமுறை சொல்லிப் பழகியவள்போல அழாமல் சொன்னாள்.

நெரிஸ் சிறுமியின் கையைத் துண்டில் பொத்தி வைத்திருந்தாள். துடைத்து முடித்தும் விடவில்லை.

"அன்னைக்கு அந்த வாசல்ல உங்கள மாதிரி ஒருத்தி நின்னிருந்தா..." அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. வெடித்திருந்த அந்த விரல்களை இறுக்கிப் பிடித்தாள். "நல்லா இருப்பீங்க."

நெரிஸ் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாகக் காரில், குளியலறையில், சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டைவரை வந்தது.

"சீக்கிரம் விடுங்கம்மா, எவ்வளவு நேரந்தான் நிக்கிறது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அந்தப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள். பெஞ்சிலிருந்த பையன் எழுந்து வந்தான். தங்கச்சியின் கைகளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். பிறகுதான் பிடித்துக்கொண்டான்.

மூன்று வருஷத்துக்கு முன், அந்தக் கடலோரப் பண்ணையிலும் இப்படித்தான் பின்னாலிருந்து கத்தினார்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. சரிசெய்கிற ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவன் வரவில்லை. வரிசை வளர்ந்துகொண்டே போனது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு குட்டிப் பையன், கேக் கல்லைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினான்.

அந்தக் கைகளில் ஜெல்லைப் பிதுக்கிவிட்டு, "இது போதும் கண்ணு, ஓடு," என்று சொன்னவள் நெரிஸ்.