முதல் வாரப் புகார்

ஏழு பெண்கள் சேர்ந்து, தாங்களே வேலைக்காரர்களாகவும் தாங்களே முதலாளிகளாகவும் தொடங்கிய வீட்டுப் பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கம் அது. முதல் வாரமே புகார் வந்தால் ஊரில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். தலைவி பயந்துகொண்டே பதிவேட்டைத் திறந்தாள்.

"ஏரிக்கரை வீட்டு அம்மா எப்படிடி? தொட்டாலே கத்துவாங்கன்னு சொன்னாங்களே?"

"என்கிட்ட கத்தலையேக்கா," என்றாள் எழுவரில் ஒருத்தியான தையல்காரி. "தலைக்கு ஊத்திவிட்டேன், சமத்தா உட்கார்ந்திருந்தாங்க. ஆனா மருமகளைப் பத்தி ஒரே புலம்பல். சீப்பை எடுத்தா இருக்கிற கோபத்தையெல்லாம் மண்டையில காட்டுவாளாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு உறுப்பினர் பால்காரி இருமினாள்.

"நீ வேலைக்குப் போன வீடு எப்படி? அந்தம்மா மாத்திரையைத் துப்புவாங்களாமே?" என்று தலைவி அவளிடம் திரும்பினாள்.

"ஒண்ணைக்கூடத் துப்பலைக்கா. பேச்சுக் கொடுத்துக்கிட்டே கொடுத்தேன். அவங்க மருமக வாயே திறக்காம டம்ளரை ணங்குனு வெச்சிட்டுப் போவாளாம். நீ எனக்கு மருமகளா வந்திருக்கக் கூடாதான்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

இப்போது தையல்காரி கூரையைப் பார்த்தாள்.

தலைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆக, வேலை செய்றவங்க மேல புகார் இல்லை. மருமகளுங்க மேலதான். அந்த ரெண்டு மருமகளும் என் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கீங்க. என்ன செய்யலாம்? பழையபடி அவங்கவங்க மாமியாரை அவங்கவங்களே பார்த்துக்கிறீங்களா?"

"வேண்டாம்க்கா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தையல்காரி மெதுவாகச் சொன்னாள்: "எட்டு வருஷத்துல என் மாமியார் நேத்துதான் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. கெடுத்துடாதீங்க."