பன்னிரண்டாம் தொட்டியில் எண்பத்தைந்து டிகிரி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இறால் குஞ்சுப் பண்ணையின் தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் கொதிக்கிறது. பன்னிரண்டு தொட்டிகளின் வெப்பத்தையும் ஒரே ஒயரில் கோத்த சென்சார்கள் சுவரிலுள்ள திரைக்குச் சொல்கின்றன. கடைசி மூன்றும் எண்பத்தைந்து டிகிரி என்கின்றன. "என் எறா இன்னா கொழம்புல வெந்துகினு கீதா? நீ மாட்டுன டப்பா தானே இது?" காலையிலிருந்து மேனேஜர் தண்டபாணி கத்துகிறார். சென்சார்களை மாட்டிக்கொடுத்த ஷமீமாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டாம் தொட்டிக்குள் கையை விடுகிறாள். தண்ணீர் குளுமையாக இருக்கிறது. விரலிடுக்கில் குஞ்சுகள் துள்ளுகின்றன. "பவர் பத்தலன்னா சென்சார் இந்த நம்பரத்தான் காட்டும் சார்." "கத உடாத." மீட்டரை வைத்துப் பார்க்கிறாள். முதல் தொட்டியில் ஐந்து வோல்ட், பத்தாவதில் மூன்றுகூட இல்லை. உப்புப் பூத்த சுவரோரம் குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டே போகிறாள். ஒன்பதாம் தொட்டியின் பின்னால், ஒயரைச் சீவிய இடத்தில் கறுப்பு டேப். அங்கிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் ஜன்னல் வழியாக மேனேஜர் அறைக்குள் ஏறி, அவர் நாற்காலியைப் பார்த்துச் சுழலும் குட்டி ஃபேனில் முடிகின்றன. "இது பேட்டரி லைனு. கரண்ட் பூட்டாலும் நிக்காது, அதான் இஸ்துக்கினேன்," என்கிறார், குரலை இறக்காமல். ஷமீமா டேப்பை உரித்து அந்த ஒயர்களைப் பிடுங்குகிறாள். திரையில் மூன்று எண்பத்தைந்துகளும் இருபத்தொன்பதாக இறங்குகின்றன. தண்டபாணி திரைப்பக்கம் திரும்பவே இல்லை. நின்றுபோன இறக்கைகளையே பார்க்கிறார். "இன்னாம்மா நீ, ரிப்பேர் பண்ண வந்தியா, கெடுக்க வந்தியா?"