வேக்ஸ் போட்ட தலை

“பொணம் இந்தத் தெருவைத் தாண்டுறவரைக்கும் ஒரு முடி சாயக் கூடாது. அதுக்கு இன்னா போடுவ?”

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டான் சரத்குமார். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறவன். முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்து, சாவு வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே இந்த சலூனுக்குள் நுழைந்திருந்தான்.

ரிஷிவந்தியம் கடைத்தெருவின் கோடியில், இறந்துபோன நாராயணசாமியின் வீட்டு வாசலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் தமிழழகன் சீப்பை ஓசையோடு கீழே வைத்தார்.

“ரெண்டு புள்ளைங்களுக்கும் மொட்டை அடிக்கணும், கத்தி எடுத்துக்கினு வான்னு எனுக்கு ஆள் வுட்டுகீறாங்க. நீ இன்னாடான்னா இங்க வந்து ஸ்டைல் கேக்கற?”

“நீ அங்க போனா அங்க மொட்டை அடி. இங்க நான் கஸ்டமர். ஜெல்லா, வேக்ஸா?”

தமிழழகன் பல்லைக் கடித்தபடி பதில் சொன்னார். “ஜெல்லு வேணாம். இந்த வெயில்ல வேர்வையோட சேந்து ஒழுவும். காஞ்சா வெள்ளை வெள்ளையா உதிரும். உனுக்குக் கம்பி கணக்கா முடி, வேக்ஸுதான் புடிக்கும். மினுக்காத வேக்ஸும் கீது, பளபளன்னு காட்டுறதும் கீது.”

“பளபளன்னே போடு. தெருக்கோடியிலேர்ந்து தெரியணும்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “செத்த வூட்டு வாசல்ல சேவல் மாரி சிலுப்பிக்கினு நிக்கப் போறியா?”

“கொண்டை சரியா வரட்டும் தாத்தா, அப்புறம் கூவறேன்.”

தமிழழகன் கோபத்தில் டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு அள்ளினார். சரத்குமார் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அவ்ளோ ஜாஸ்தி அப்புனா எண்ணெ வழியிற மாரி படுத்துக்கும். சுண்டைக்காய் அளவு போதும். மொதல்ல தலைய நல்லாக் காய வை. ஈரத்துல வேக்ஸ் நிக்காது.”

“எனுக்கே பாடம் நடத்துறியா?” என்று உறுமிவிட்டு அவர் டிரையரைப் போட்டார். அதன் இரைச்சலும் தெருவின் மேளமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

காய்ந்த முடியில் வேக்ஸ் ஏறியது. உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து, பின்னந்தலையிலிருந்து முன்பக்கமாக வேரோடு தூக்கிவிட்டார். கறுப்பு முட்புதர் ஒன்று கண்ணாடிக்குள் மெல்ல எழுந்து நின்றது.

அப்போதுதான் கதவு சுவரில் மோதியது. வெற்று மார்பும் ஈர வேட்டியுமாக நாராயணசாமியின் மூத்த மகன் இளஞ்செழியன் உள்ளே வந்தான். அவன் பின்னால் பங்காளிகள் இரண்டு பேர்.

“டேய், எழுந்திரு!”

“பெஞ்சுல குந்து. எனுக்கு முடிஞ்சாதான் உனுக்கு.”

இளஞ்செழியன் டிரையரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். “வூட்டுல பீஸ் போயி ஐஸ் பொட்டி நின்னுபோச்சிடா. நீ வராம தூக்க மாட்டோம்னு பங்காளிங்க குந்திக்கினு கீறாங்க. பக்கவாதம் வந்து பேச்சே நின்ன மனுசன், சாவறதுக்கு முன்னாடி ரெண்டு வெரலைக் காட்டி, தலையத் தடவிக் காமிச்சாராம். ரெண்டு பேரும் மொட்டை போடணும்னு.”

“உங்கப்பா காமிச்சாரு, நீ போட்டுக்க.”

“மயிருக்கு இவ்ளோ திமிரா?”

சரத்குமார் திரும்பவில்லை. கண்ணாடியில் இளஞ்செழியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழழகனிடம் சொன்னான். “எடது பக்கம் கொஞ்சம் அமுங்கிக் கெடக்குது பாரு. தூக்கி வுடு.”

தமிழழகனின் கை அந்தரத்தில் நின்றது. பங்காளிகளில் மூத்தவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

“சரத்து, ஊரே உன்னக் காறித் துப்பும்டா.”

“துப்பட்டும். வேக்ஸுக்கு ஒண்ணும் ஆவாது.”

இளஞ்செழியன் பாய்ந்து அவன் முடியைக் கொத்தாகப் பிடித்தான். பிடி வழுக்கியது. விரலெல்லாம் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ள, அதை வேட்டியில் தேய்த்தான், போகவில்லை. சரத்குமார் அமைதியாகக் கையை உயர்த்தி, கலைந்த இடத்தைத் தானே நிமிர்த்தினான்.

தெருவில் மேளம் நின்றுவிட்டது. “பையன் வர்றானா, இல்லியா?” என்று யாரோ கோடியிலிருந்து கத்தினார்கள். கடை வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

“இன்னாதான்டா வேணும் உனுக்கு?” இளஞ்செழியனின் குரல் உடைந்தது.

“எனுக்கு ஒண்ணும் வேணாம். மொட்டை போடறதுக்கு நான் யாரு? ரோட்டுல போறவன்லாம் அடுத்தவன் சாவுக்குத் தலையக் குடுப்பானா?”

“யாரா? யாருன்னாடா கேக்கற?” இளஞ்செழியன் மார்பில் அறைந்துகொண்டு கத்தினான். வாசலில் நின்றவர்கள், பங்காளிகள், பெஞ்சிலிருந்த பெரியவர் எல்லோர் காதிலும் அது விழுந்தது. “எங்கப்பாவுக்குப் பொறந்தவன்டா நீ! உன் ஒடம்புல ஓடுறது அவரு ரத்தம்டா!”

சரத்குமார் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பி அவனை நேருக்கு நேர் பார்த்தான். சரத்குமாரின் கண்கள் சிவந்து, நீர் கோத்திருந்தன.

“அப்புறம் ஏன்ணே கோர்ட்டுக் கூண்டுல ஏறி, இவன் எங்கப்பாவுக்குப் பொறக்கலன்னு சத்தியம் பண்ண?”