ம்ம்ம் நின்ற மதியம்

காஷிஃபின் பாஸ் கிட்டார் கட்டில்மேல் வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது.

நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிப்பவனுக்கு அதற்குமேல் பொறுப்பு கொடுக்க முடியாது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

பிரச்சினை இதுதான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கிட்டார் 'ம்ம்ம்' என்று முனகும். கம்பியில் கை பட்டால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி ம்ம்ம். கைக்குழந்தை ஜாதி.

எங்கள் பேண்டில் பாடுகிறவள் பூஜா. ஞாயிற்றுக்கிழமை கொட்டிவாக்கத்தில் ரெக்கார்டிங். தீர்ப்பைப் போனிலேயே சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அந்த ம்ம்ம் போகணும். இல்லன்னா காஷிஃப் போகணும்."

அதனால் ஹம்பக்கர். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றுக்குள்ளேயே இரண்டு சுருள். இரண்டுமே அதே இரைச்சலைக் கேட்கும். ஒன்று சொல்வதை மற்றது தலைகீழாகச் சொல்லும். இரைச்சல்கள் மோதிச் செத்துவிடும், பாட்டு மிஞ்சும். எங்கள் அப்பா அம்மாவும் இந்த முறையில்தான் இயங்குகிறார்கள். பாட்டு மட்டும் மிஞ்சுவதில்லை.

பழைய பிக்கப்பைக் கழற்றுமுன் கடைசியாக ஒருதரம் ஆம்ப்பைப் போட்டு, முனகலைப் போனில் பதிந்துகொண்டோம். ஒப்பிட்டுப் பார்க்க.

சாத்தியிருந்த கதவு திறந்தது. ஹாஜிரா பீ ஆன்ட்டி. காஷிஃபின் அம்மா.

"பேட்டா, இங்க பச்சை கலர் கிளிப்பு ஒண்ணு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எப்போதும் இப்படித்தான். வாசிப்பு நின்று முனகல் கொஞ்சம் நீண்டால் ஆன்ட்டி வருவார். வடை வரும், மடித்த துணி வரும், பல்லி ஒன்று உள்ளே ஓடியதா என்ற விசாரணை வரும்.

"எங்க அம்மிய சி.பி.ஐ.ல சேர்த்திருக்கணும் மச்சி" என்றான் காஷிஃப்.

உள்ளே செப்புத்தாள் ஒட்டினான். புதிய பிக்கப்பை உட்காரவைத்து ஒயர்களுக்கு ஈயம் வைத்தான். முதல் தடவை ஒரு ஒயர் மாறிப்போய், பாஸ் கொசு மாதிரிப் பாடியது. மாற்றி வைத்தான்.

மறுபடி ஆம்ப்பைப் போட்டான். கம்பியைத் தொட்டான். பிறகு போலீஸைப் பார்த்தவன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கினான்.

ஒன்றுமில்லை.

மந்தைவெளி ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைவது கேட்டது. இந்த அறையிலிருந்து அது கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒரே ஒரு சுரம் வாசித்தான். தரை வழியாக வந்து என் முழங்காலில் ஏறியது. பதிந்து பூஜாவுக்கு அனுப்பினான். அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவளிடம் அது விருது.

கதவு திறந்தது. ஆன்ட்டி கையில் எதுவும் இல்லை. எதையும் தேடவும் இல்லை.

"ஆஃப் பண்ட்டியா?"

"ஆன்லதான் கீது அம்மி. பாரு, கைய எடுத்தாலும் சத்தம் வராது."

"வரவே வராதா?"

"சத்தியமா வராது."

"நல்லது பேட்டா" என்றார். காஷிஃபின் கைகளைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. பின்னாலேயே வந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முத்து, அத்த மறுபடி வர வைக்க முடியாதா?"

"எத ஆன்ட்டி?"

"அந்தச் சத்தம். கை நழுவிச்சின்னா வருமே."

கை நழுவினால். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போன வருஷம் அவனுக்கு வலிப்பு வந்தப்போ கதவு சாத்தி இருந்துச்சு. நான் இங்க மிக்ஸி ஓட்டிக்கினு இருந்தேன். எவ்ளோ நேரம் அப்படியே கெடந்தானோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

எங்களிடம் டைஃபாய்டு என்று சொல்லியிருந்தான்.

"அப்புறம் கதவ சாத்தவே விடல. காலேஜ் போற புள்ள, எவ்ளோ நாளைக்கு? வாசிக்கறப்போ மட்டும் சாத்திக்கோன்னேன். அந்தச் சத்தம்தான் எனக்குச் சொல்லும். அவனுக்குத் தெரியாது, சொல்லிடாத."

அறைக்குள்ளிருந்து பாஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பழுக்கில்லாத பாஸ்.

நின்றது.

இருவரும் சுவரைப் பார்த்தோம். போனை எடுத்திருப்பான். கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பான். பூஜாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பான். எல்லாமே ஒரே மாதிரி கேட்டது.

ஆன்ட்டி நகர்ந்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

காஷிஃப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "இன்னா மச்சி?"

சொல்லக் காரணம் எதையும் நான் கொண்டுவரவில்லை. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சும்மாதான்" என்றேன். திரும்பும்போது கதவை ஒரு விரலளவு திறந்தே விட்டேன்.

சமையலறைக்குத் திரும்புவதற்குள், பின்னால் அவன் எழுந்து வந்து அதைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஆன்ட்டி கையை நீட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார்.