இருபத்திரண்டு அங்குலம்

இன்னாசிராஜ் உறையை அவசரமாகப் பிரித்தான்.

மெட்ராஸிலிருந்து வந்த உறை. அங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்த கல்லூரியொன்றில் அவன் நண்பன் வேலை பார்த்தான். கோவில்பட்டியில் இவர்கள் கட்டம் போட்ட தாளில் எழுதி அனுப்புகிற புரோகிராம்களை ஓட்டி, அச்சாகி வந்ததைத் தபாலில் திருப்பி அனுப்புவான்.

ஃபோர்ட்ரான் படிக்க வாருங்கள், மெஷினோடு பேசலாம், உலகமே பன்னிரண்டு வருடமாகப் படிக்கிற பாஷை என்று இன்னாசிராஜ் ஆறு மாதம் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில் ஒன்பது பேரைச் சேர்த்திருந்தான். அதிலும் நாலு பேர் சுருக்கெழுத்துப் படிக்கப் போகிறோம் என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு ஒன்றாவது ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் பூட்டுத்தான்.

எல்லோருக்கும் ஒரே கணக்கு. பசுவந்தனையில் அறுபத்தெட்டு வரை பத்து வருடம் பெய்த மழைக்குச் சராசரி.

ஒன்று ஓடியிருந்தது. ஜெயகுமாரியுடையது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருகிற பசுவந்தனைக்காரி.

மற்ற எட்டிலும் பிழை. மாதிரிக்கென்று இன்னாசிராஜ் எழுதி அனுப்பியதிலும் பிழை. வரியை ஏழாவது கட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்று தினமும் மேசையைத் தட்டியவன், ஆறாவதில் தொடங்கித் தொலைத்திருந்தான். சே, என்ன மானக்கேடு!

தாளின் உச்சியில் அச்சாகியிருந்த அவள் பெயரைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வகுப்புக்குள் போய்த் தாளைத் தூக்கிக் காட்டினான்.

"உங்க யாரோடதும் ஓடல. என்னோடது ஓடிருச்சு. இருபத்திரண்டு அங்குலம்!"

கையால் போட்டால் இருபத்திநாலு வருகிறதே என்று தங்கப்பாண்டியன் இழுத்தான்.

"ஏலே, கை தப்பும். மெஷின் தப்பாது."

வகுப்பே சிரித்தது. முணுமுணுத்த நாலு பேரும் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நாளைக்கும் வருவார்கள், சந்தேகமில்லை. ஜெயகுமாரி மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை.

எல்லோரும் போனபிறகு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அறுபத்தஞ்சுக்கு நீங்க முப்பதுன்னு குடுத்தீங்க சார். அந்த வருசம் எங்க ஊர்ல பத்துதான். எங்கய்யா, அவியதான் அங்கன மழை அளக்குதாவ. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நானா பத்துன்னு மாத்தி எழுதி அனுப்பிட்டேன்."

வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நாளைக்கும் வாரேன் சார்."

அறுபத்தைந்துக்கு எண் கிடைக்காமல் அவனாக இட்டுக்கட்டியதுதான் அந்த முப்பது. முப்பதில் பத்து போனால் இருபது. அதைப் பத்து வருடத்துக்குப் பங்கிட்டால் இரண்டு. இருபத்திநாலு ஏன் இருபத்திரண்டானது என்று கண்டுபிடிக்க ஒரு மெஷினும் வேண்டியிருக்கவில்லை.

அவள் பெயர் இருந்த அந்தத் துண்டை அவளிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் சட்டைப்பைக்குள் கையை விட்டான். அவள் படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை கை வெளியே வரவில்லை.