மூன்றாவது தலையணை

"அங்கிள், இன்னொரு தலையணை வேணும்!"

விடுதிக்கு வந்ததிலிருந்து அந்த வாண்டு அழைப்பு மணியை விடவேயில்லை. ரூம் பாயும் சலிக்காமல் ஓடி வந்தார்.

"ரெண்டு பேருக்கு மூணு தலையணை எதுக்கு பாப்பா?"

"எங்கப்பாவுக்கு!"

"அவருக்கு வேலை. சனி, ஞாயிறு லீவே கிடையாது" என்றாள் தாய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

ரூம் பாய் தலையணையைக் கொண்டுவந்து வைத்தார்.

காலையில் படகு, மதியம் நீச்சல் குளம், சாயங்காலம் சறுக்குமரம் என்று இருவரும் ஓயவில்லை. திரும்பியதும் எல்லாவற்றையும் அங்கிளிடம் ஒப்பித்தாக வேண்டும்.

"படகு ஆடிச்சா, அம்மா அலறிட்டாங்க!"

"நிஜமாவா?" என்று சிரித்தவர், டம்ளரை நீட்டினார். "பால்ல ஆடையை எடுத்துட்டேன், குடிங்க."

தாய் இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றினாள். "கொஞ்ச நேரம் உட்கார்ந்து குடிங்களேன்."

"டியூட்டியில உட்காரக் கூடாதுங்க, மேடம்." ஆவி பறக்கும் கோப்பையை ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஞாயிறு மாலை, பெட்டியை டாக்சியில் ஏற்றினார். வாண்டு அவர் கையை விடவில்லை.

"உன்கிட்ட நல்லா ஒட்டிக்கிச்சேப்பா!" என்று சிரித்தபடி மேனேஜர் உள்ளே போனார்.

ரூம் பாய் சட்டென்று குழந்தையிடம் குனிந்தார். "வேலை செய்றவங்க குடும்பம் இங்க தங்கக் கூடாதுல்ல, அதான் அங்கிள்னு கூப்பிடச் சொன்னேன். சமத்தா நடிச்சே! இனிமே வேணாம். லீவு கிடைச்சதும் அப்பா வீட்டுக்கு ஓடி வந்துடறேன், என்ன?"

டாக்சி நகர்ந்தது. குழந்தை ஜன்னல் வழியே உற்சாகமாகக் கையாட்டியது.

"சரி, அங்கிள்!"