சுவருக்குள் பச்சை

பதினாறு மணி நேரம் சாயத்தில் ஊறிய இரண்டு ஸ்லைடுகளையும் ஆய்வக உதவியாளரான பெண் மூன்றாவது முறையாக நுண்ணோக்கியில் வைத்தாள். ஒன்று நோயாளியின் குடல் திசு. இன்னொன்று ஒப்பிடுவதற்காக, நோயில்லாத ஒருவர் கொடுத்தது. அந்தச் சாயம் அந்த நோயைத் தரும் கிருமியின் மரபணுவில் மட்டும் ஒட்டும். கிருமி குடல்சுவருக்குள் புகுந்திருந்தால் பச்சையாக ஒளிரும்.

“அக்கா, இப்பவும் நோயாளியோடது இருட்டாத்தான் இருக்கு. நல்லா இருக்கறவங்களோடதுதான் மின்மினி மொய்ச்ச மாதிரி மின்னுது.”

“மறுபடியும் ரெண்டையும் மாத்திட்டியா? கல்யாணத்துல மாப்பிள்ளையையும் மாத்திடப் போறே!”

“இல்லக்கா. இந்தத் தடவை ஒண்ணை முடிச்சுட்டுத்தான் இன்னொண்ணைத் தொட்டேன்.”

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். சுவரின் ஆழம் வரைக்கும் பச்சைப் புள்ளிகள். வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

“ரொம்ப முத்திப்போன மாதிரி இருக்கேக்கா. பாவம், கொடுத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. யாருன்னு கண்டுபிடிச்சு உடனே சொல்லணும்.”

ஆய்வாளர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். இருட்டறையில் அவர் குரல் மட்டும் கேட்டது.

“சொல்லிட்டியேம்மா. அது என்னோடதுதான்.”